வீரம் அல்ல, விதி

கூடைப்பந்து ரசிகர்களைக் கண்கலங்க வைக்க ஒரு காணொளி போதும். 2013 ஏப்ரல் 12. லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸும் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸும் ஆடுகிறார்கள். கடைசிக் கால்பகுதியில் மூன்று நிமிடம் சொச்சம்தான் பாக்கி. கோபி பிரையன்ட் பந்தோடு பாய்கிறார், ஃபவுல் விழுகிறது, தரையில் உட்கார்ந்து இடது குதிகாலைப் பிடித்துப் பார்க்கிறார். அக்கிலிஸ் தசைநாண் அறுந்துவிட்டது. அந்தக் காலோடு ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு வந்து இரண்டையும் போடுகிறார். ஆட்டம் 109-109 என்று சமன். பிறகு நடந்தே வெளியே போகிறார். லேக்கர்ஸ் 118-116 என்று ஜெயிக்கிறது.

இந்தக் காட்சியை வைத்து எத்தனை உரைகள், எத்தனை தன்னம்பிக்கைப் பதிவுகள்! நிறுவனப் பயிற்சி வகுப்புகளில்கூட ஸ்லைடு போட்டுக் காட்டுகிறார்கள். ‘வலியை வென்றவர்’, ‘மாம்பா மனநிலை’ என்று தலைப்பு வேறு. பிரையன்ட்டின் மனஉறுதியில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. நான் கேட்பது வேறு. குதிகால் தசைநாண் அறுந்த ஒரு மனிதர் ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்க வேண்டிய நேரத்தில் ஏன் ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்றுகொண்டிருந்தார்? இந்தக் கேள்வியை அந்த உரைகளில் ஒன்றுகூடக் கேட்டு நான் பார்த்ததில்லை.

பதில் என்.பி.ஏ.வின் விதிப்புத்தகத்தில், ஒன்பதாம் விதியில் இருக்கிறது. ஃபவுல் செய்யப்பட்ட வீரர் காயத்தால் ஃப்ரீ த்ரோ போட முடியாமல் போனால், அவருக்குப் பதிலாகப் போடப்போகிறவரை அவருடைய கோச் தேர்ந்தெடுக்க முடியாது. எதிரணியின் கோச்தான் தேர்ந்தெடுப்பார். களத்தில் மிச்சமிருக்கும் நான்கு பேரில் யாருக்கு ஃப்ரீ த்ரோ சுத்தமாக வராதோ அவரைக் கைகாட்டிவிட்டுப் போகலாம். அந்த சீசன் லேக்கர்ஸ் அணியில் ட்வைட் ஹோவார்டு இருந்தார். கிடைத்த ஃப்ரீ த்ரோக்களில் பாதியைக்கூடப் போடாதவர். அப்படி ஒருவரை வைத்திருக்கும் அணிக்கு இந்த விதி எவ்வளவு பெரிய மிரட்டல் என்று விளக்க வேண்டியதில்லை.

விதி அதோடு முடியவில்லை. ஃப்ரீ த்ரோ போடாமல் காயத்தோடு வெளியேறுகிற வீரர் அந்த ஆட்டத்தில் மறுபடி இறங்கவே முடியாது. கால் சரியாகிவிட்டாலும் சரி, டாக்டர் சரி என்று சொன்னாலும் சரி, கதவு மூடியாயிற்று.

பிரையன்ட்டுக்கு இந்த இரண்டாம் பகுதி பொருட்டல்ல. அவர் எப்படியும் திரும்பியிருக்க மாட்டார். அதன் முழு விஷத்தையும் பார்க்க வேண்டுமானால் 2019 ஜூன் 13க்குப் போக வேண்டும். ஓக்லாந்தில் இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டம், எதிரே டொராண்டோ ராப்டர்ஸ். வாரியர்ஸின் க்ளே தாம்ஸன் அதற்குள் 28 புள்ளிகள் எடுத்திருந்தார். மூன்றாம் கால்பகுதியில் டங்க் அடிக்க எழும்பியவர் ஃபவுலாகிக் கீழே இறங்கும்போது இடது முழங்கால் மடங்கியது. ஆட்கள் கைத்தாங்கலாகப் பிடித்து உடைமாற்றும் அறைக்குப் போகும் வழியில் அழைத்துச் செல்கிறார்கள். அப்போதுதான் ‘ஃப்ரீ த்ரோ போடாவிட்டால் திரும்பி வர முடியாது’ என்ற விதி அவர் காதுக்கு எட்டுகிறது. திரும்புகிறார். அரங்கமே எழுந்து ஆர்ப்பரிக்கிறது. இரண்டையும் போடுகிறார், 30 புள்ளிகள். அதன்பின் வெளியேறியவர் திரும்பவில்லை. அறுந்தது முழங்காலின் ஏ.சி.எல். தசைநார். வாரியர்ஸ் 114-110 என்று தோற்றது, கோப்பையும் போயிற்று. மறு ஆண்டு அக்கிலிஸும் அறுந்து, அவர் மீண்டும் என்.பி.ஏ. களம் கண்டது 2022 ஜனவரியில்.

அந்த நடையால்தான் கால் கெட்டது என்று நான் சொல்லவில்லை. நான் சொல்வது எளிமையானது. எம்.ஆர்.ஐ. எடுக்கப்படாத, உள்ளே என்ன அறுந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாத ஒரு காலை, மருத்துவரிடம் போய்க்கொண்டிருந்த வழியிலிருந்து களத்துக்குத் திருப்பி இழுத்து வந்தது ஒரு விதி. நாம் அதைக் கைதட்டிக் கொண்டாடினோம்.

இந்த விதி எழுதப்பட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. காரணம் சந்தேகம். ஃப்ரீ த்ரோ சரியாக வராத ஓர் ஆள் ஃபவுல் வாங்கிக்கொண்டு, “ஐயோ கால் போச்சு” என்று படுத்துவிட்டால்? கைதேர்ந்த ஒருவரை அனுப்பி இரண்டு புள்ளியை எடுத்துக்கொண்டு, ஒரு நிமிடம் கழித்து நம் ஆள் ஜம்மென்று எழுந்து வந்தால்? இந்த ஏமாற்றை அடைக்க, காயம்பட்டேன் என்று சொல்கிற எல்லோரையும் பொய்யராக வைத்துக் கணக்குப் போட்டார்கள். இதற்குச் சான்று அந்த விதியின் விதிவிலக்கிலேயே இருக்கிறது. ஃபவுல் ‘ஃப்ளேக்ரன்ட்’ வகையாக இருந்தால், அதாவது முரட்டுத்தனமாக அடித்தார் என்று நடுவரே தீர்ப்புச் சொல்லிவிட்டால், காயம்பட்டவரின் கோச்சே மாற்று ஆளைத் தேர்ந்தெடுக்கலாம், காயம்பட்டவர் திரும்பியும் வரலாம். அடித்தவன் முரடன் என்று நிரூபணமானால்தான் அடிபட்டவனின் வலி உண்மை! சாதாரண ஃபவுலில் முழங்கால் திருகினால் வலிக்காதா என்ன? தாம்ஸனை யாரும் வன்மமாக அடிக்கவில்லை. கால் தரையில் பட்ட விதம் சரியில்லை, அவ்வளவுதான். தசைநாருக்கு ஃபவுலின் வகை தெரியாது.

வேறு வழியே இல்லையா என்றால், உலகம் முழுக்க வேறு வழியில்தான் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதியில், ஃப்ரீ த்ரோ போட வேண்டியவர் காயத்தால் வெளியேற நேர்ந்தால் அவருக்குப் பதிலாக இறங்கும் மாற்று வீரரே போடுவார். எதிரணி கோச்சுக்கு இதில் வேலை இல்லை. காயம்பட்டவர் தேறினால் பிறகு வரலாம். ஒலிம்பிக் இப்படித்தான் நடக்கிறது, உலகக் கோப்பை இப்படித்தான் நடக்கிறது, நம்மூர் மாவட்டப் போட்டியும் இப்படித்தான் நடக்கிறது. அங்கெல்லாம் ஆளாளுக்குக் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்து ஆட்டமே நாறிப்போய்விடவில்லை.

ஆனால் ஃபிபாவையும் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டியதில்லை. அதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க முதலில் ரத்தத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

காயம் என்றால் சந்தேகப்படுகிற விதிப்புத்தகங்கள் ரத்தம் என்றால் பதறுகின்றன. ஃபிபா விதியின் ஐந்தாம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ரத்தம் வடிகிற அல்லது திறந்த காயமுள்ள வீரர் மாற்றப்பட்டே ஆக வேண்டும். ரத்தம் நின்று, காயம் முழுதாகவும் உறுதியாகவும் மூடப்பட்ட பிறகே திரும்பலாம். அணி டைம்-அவுட் எடுத்து அதற்குள் சரிசெய்துவிட்டால் மட்டும் தொடரலாம். என்.பி.ஏ.வில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி 30 விநாடி தருவார். அதற்குள் முடியாவிட்டால் ஆளை மாற்று, இல்லை டைம்-அவுட் எடு. கட்டுப் போடாமல் மணிக்கட்டுப் பட்டையை இழுத்துவிட்டு மறைத்தால் செல்லாது என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பகுதியின் தலைப்பைக் கவனியுங்கள்: ‘தொற்றுக் கட்டுப்பாடு’. காயம்பட்டவருக்கு முதலுதவி என்றல்ல.

இந்தக் கவனத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1991 நவம்பர் 7 அன்று மேஜிக் ஜான்ஸன் தனக்கு எச்.ஐ.வி. இருப்பதாக அறிவித்து ஓய்வு பெற்றார். மறு ஆண்டு ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் ஆடினார், பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார், லீகுக்கே திரும்பப்போவதாகச் சொன்னார். அந்த இலையுதிர்காலத்தில் ஒரு பயிற்சி ஆட்டத்தின்போது அவர் கையில் சின்னக் கீறல். அணியின் பயிற்றுநர் கேரி விட்டி கையுறை போடாமல் கட்டுப் போட்டார். பார்த்தவர்களெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மேஜிக்கோடு ஆடுவதில் தங்களுக்குள்ள அச்சத்தை வீரர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள், யூட்டா ஜாஸின் கார்ல் மலோன் உட்பட. நவம்பர் 2 அன்று மேஜிக் மறுபடி விலகினார். 1996இல்தான் திரும்பி வந்து 32 ஆட்டங்கள் ஆடினார்.

அந்த அச்சம் மருத்துவ உண்மையைவிட மிகப் பெரியதாக இருந்தது. விளையாட்டுக் களத்தில் எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு மிக மிகக் குறைவு என்று மருத்துவர்கள் அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். ஹெபடைட்டிஸ் பி வேறு கதை. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் ஒரு பள்ளியின் சுமோ வீரர்களிடையே அது பரவியது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. ஆகவே ரத்த விதி வேண்டியதுதான். அதை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அது யாருக்காக எழுதப்பட்டது என்பதை மட்டும் பாருங்கள். ரத்தம் வடிகிறவனைக் களத்திலிருந்து எடுப்பது மற்ற ஒன்பது பேருக்காக. அவனுக்கும் கட்டு கிடைக்கிறது என்பது கூடவே வருகிற லாபம்.

இது நான் இழுத்துப் பிடித்துச் செய்யும் வியாக்கியானம் இல்லை. ஐந்தாம் பிரிவின் இரண்டு உட்பிரிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் போதும். காயம்பட்ட வீரர் ஏறத்தாழ 15 விநாடிக்குள் ஆடத் தயாராகாவிட்டாலோ, சிகிச்சை பெற்றாலோ மாற்றப்பட வேண்டும் என்கிறது ஒன்று. ஆனால் அதில் ஒரு ‘ஒழிய’ இருக்கிறது: அவரை எடுத்தால் களத்தில் ஐந்து பேருக்குக் குறைந்துவிடும் என்றாலொழிய. பெஞ்சில் மாற்று ஆள் இல்லையென்றால் அடிபட்டவன் அப்படியே தொடரலாம். ரத்தம் பற்றிய உட்பிரிவில் இந்த ‘ஒழிய’ கிடையாது. நான்கு பேரோடு ஆடினாலும் பரவாயில்லை, ரத்தம் வடிகிறவன் வெளியே போ. கணுக்கால் வீங்கினால் அது அவன் பாடு, ரத்தம் வந்தால் அது எல்லோர் பாடு. விதியை எழுதியவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஏதும் இருந்திருக்காது. ஆனாலும் எழுத்து காட்டிக்கொடுக்கிறது.

இந்தக் கணக்கில் மொத்தமாக விட்டுப்போனது தலை.

தலையில் அடிபட்டவனுக்கு ரத்தம் வர வேண்டிய அவசியம் இல்லை. விழுந்தவன் 15 விநாடிக்குள் எழுந்துவிடுவான், “ஒண்ணுமில்ல சார், ஓகே” என்பான். மூளை அதிர்ச்சியின் குணமே அதுதான். அறிகுறிகள் மணிக்கணக்கில் தாமதித்தும் வரலாம். பாதிக்கப்பட்ட உறுப்பே ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சாட்சியும் சொல்கிறது. முதல் அடி ஆறும் முன் இரண்டாவது விழுந்தால் என்ன ஆகும் என்பதை மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். இளம் வயதினரில் அது உயிரையே எடுத்திருக்கிறது. ஆனால் நான் வைத்திருக்கும் ஃபிபாவின் 2022 விதிகளில், இரத்தத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஐந்தாம் பிரிவு தலையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. கணுக்கால் சுளுக்குக்கும் மண்டை அடிக்கும் ஒரே 15 விநாடி.

மறுபடியும் க்ளே தாம்ஸனிடமே போவோம். 2015 மே 27, ஹூஸ்டன் ராக்கெட்ஸுக்கு எதிரான மேற்குப் பிரிவு இறுதியின் ஐந்தாவது ஆட்டம். ட்ரெவர் அரீசாவின் முழங்கால் தாம்ஸனின் தலையில் மோதியது. காதில் ரத்தம், தையல் போட்டார்கள். தலையையும் பரிசோதித்துவிட்டு முதலில் ‘ஆடலாம்’ என்றே சொன்னார்கள். ஆட்டம் முடிந்த பிறகுதான் தலை தன் வேலையைக் காட்டியது. வாந்தி. தானாகக் காரோட்டி வீட்டுக்குப் போக முடியவில்லை. மூளை அதிர்ச்சி என்று பின்னர் உறுதியானது. இத்தனைக்கும் அது உலகின் மிகப் பணக்காரக் கூடைப்பந்து லீக். 2011 முதல் மூளை அதிர்ச்சிக்கென்று தனி மருத்துவ நெறிமுறையே வைத்திருக்கிறது. ஒவ்வோர் அணிக்கும் மருத்துவர் உண்டு. அங்கேயே காதின் ரத்தத்தை உடனே பார்த்தார்கள், மூளை பிறகு தெரிந்தது.

நம்மூர் சிமென்ட் கோர்ட்டை இப்போது நினைத்துப்பாருங்கள். நான் பொறியியல் கல்லூரிக் காலத்தில் ஆடியதெல்லாம் அந்தக் கோர்ட்களில்தான். ஆறேழு பேரோடு வருகிற அணிகள், அதனால் அந்த ‘ஒழிய’ ஏட்டில் உள்ள விதிவிலக்கு மட்டுமல்ல. மருத்துவர் என்று ஒருவர் இருக்க மாட்டார். வலிக்கு ஸ்ப்ரே, ரத்தத்துக்குப் பஞ்சும் டேப்பும், எல்லாவற்றுக்கும் தலையில் ஒரு பாட்டில் தண்ணீர். முட்டியில் தோல் உரிந்து ரத்தம் வந்தால் நடுவர் உடனே விசில் அடிப்பார், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது, விதியும் தெரிகிறது. பின்மண்டை தரையில் மோதி விழுந்தவனிடம் “ஓகேவா தம்பி?” என்று கேட்பார். தம்பி தலையாட்டுவான். ஆட்டம் தொடரும். நடுவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கையில் உள்ள புத்தகம் அதற்குமேல் அவருக்கு எந்த ஆயுதமும் தரவில்லை.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விதிகள் 2010 வாக்கிலேயே இதைச் செய்துவிட்டன. மூளை அதிர்ச்சிக்கான அறிகுறி தெரிகிற மாணவர் உடனே வெளியேற்றப்பட வேண்டும். தகுதியுள்ள மருத்துவப் பணியாளர் அனுமதிக்கும்வரை திரும்பக் கூடாது. நோயைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை நடுவர் தலையில் கட்டவில்லை. தள்ளாடுகிறானா, ஸ்கோர் கேட்டால் முழிக்கிறானா, வெளியே அனுப்பு, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் சாத்தியமானது சர்வதேசக் கூட்டமைப்புக்கு முடியாதா?

இங்கே பழைய சந்தேகம் திரும்ப வரும். “விதியைத் தளர்த்தினால் ஏமாத்துவாங்க சார்.” ஏமாற்றுவார்கள்தான். ரக்பியில் நடந்தது. ரக்பியில் ரத்தம் வந்தால் தற்காலிக மாற்று வீரரை இறக்கலாம், அப்போது ஏற்கெனவே வெளியேறியவரும் திரும்பி வரலாம். 2009 ஏப்ரலில் ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில் ஹார்லக்வின்ஸ் அணியின் டாம் வில்லியம்ஸ் வாயில் போலி ரத்தக் குப்பியைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தார். கோல் உதைப்பதில் தேர்ந்த நிக் எவான்ஸை உள்ளே கொண்டுவரத்தான் இந்த நாடகம். உடைமாற்றும் அறையில் அணியின் மருத்துவர் நிஜமாகவே அவர் உதட்டைக் கீறி மறைக்கப் பார்த்தார். லெய்ன்ஸ்டர் 6-5 என்று ஜெயித்துவிட்டது என்பது தனி நகைச்சுவை. விசாரணை நடந்தது. இயக்குநர் டீன் ரிச்சர்ட்ஸுக்கு மூன்றாண்டுத் தடை, கிளப்புக்குப் பெரும் அபராதம். ஆனால் ரக்பி ரத்த மாற்று விதியை ஒழிக்கவில்லை. ‘இனி ரத்தம் வந்தவன் திரும்பி வரக் கூடாது’ என்று எழுதவில்லை. அதற்குப் பிறகு தலை அடிக்கும் தனிப் பரிசோதனையும் தற்காலிக மாற்று வீரரும் கொண்டுவந்தது. ஏமாற்றியவனைத் தண்டித்தார்கள், அடிபட்டவனை அல்ல.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் கிரிக்கெட்டில் உண்டு. 2020 டிசம்பர் 4, கான்பெர்ரா. தமிழ் ரசிகர்களுக்கு அது நடராஜன் முதல் டி20 சர்வதேச ஆட்டம் ஆடிய நாள். ஜடேஜாவின் ஹெல்மெட்டில் ஸ்டார்க்கின் பந்து பட்டது. மூளை அதிர்ச்சி மாற்று வீரராக வந்த சாஹல் மூன்று விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். ஆஸ்திரேலியக் கோச் ஜஸ்டின் லேங்கர் களத்தோரத்திலேயே ஆட்ட நடுவரிடம் வாதாடினார். ஜடேஜாவுக்குத் தொடையிலும் பிடிப்பு இருந்ததால் சந்தேகம் இன்றும் ஓயவில்லை. இருக்கட்டும். அந்த ஒரு நாள் சர்ச்சைக்காக விதியை யாரும் திரும்பப் பெறவில்லை. தலையில் பந்து பட்டவன் அணியின் நலனுக்காகத் திரும்பவும் பேட்டைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை என்பது ஒரு சர்ச்சையைவிடப் பெரிய விஷயம்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். மோசடியைத் தடுக்கும் விதிகள் எழுதுவது எங்கள் அன்றாட வேலை. அந்த வேலையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எத்தனை திருடர்களைப் பிடித்தோம்’ என்பதல்ல, ‘ஒரு திருடனைப் பிடிக்க எத்தனை யோக்கியர்களை வாசலில் நிறுத்தினோம், அதில் அவர்களுக்கு என்ன நஷ்டம்’ என்பது. ஒரு பக்கம் நஷ்டம் இரண்டு புள்ளி. மறுபக்கம் ஒரு முழங்கால். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைப்பவனுக்குக் கணக்கு வரவில்லை என்று அர்த்தம்.

கடைசியாக ஒன்று சொல்வார்கள். “அவரே விரும்பித்தானே போய் நின்றார், யாராவது கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்களா?” இல்லைதான். இறுதிச்சுற்றில் ஆடுகிறவனிடம், ‘இப்போது நொண்டிக்கொண்டு வந்து இரண்டு ஷாட் போடு, அல்லது இன்றைக்கு உனக்கு ஆட்டம் கிடையாது’ என்று சொன்னால் எந்த ஆட்டக்காரனும் வரத்தான் செய்வான். அது விருப்பமா? பசித்தவனிடம் சோற்றைக் காட்டி வேலை வாங்கிவிட்டு, விரும்பித்தான் செய்தான் என்பது போன்ற பேச்சு இது. ஆடியே தீருவேன் என்கிற வெறி இல்லாதவன் அந்த உயரத்துக்கு வந்திருக்கவே மாட்டான். அந்த வெறியிலிருந்து அவனைக் காப்பாற்றத்தான் விதி வேண்டும். ரத்தம் வந்தவனிடம் ‘விருப்பமா’ என்று யாரும் கேட்பதில்லையே?

செய்ய வேண்டியவை பெரிய சீர்திருத்தங்கள் இல்லை. என்.பி.ஏ. தன் ஒன்பதாம் விதியை ஃபிபாவைப் பார்த்து மாற்றிக்கொள்ளட்டும்: காயம்பட்டவருக்குப் பதிலாக இறங்குபவரே ஃப்ரீ த்ரோ போடட்டும். நடிப்பு பயம் போகவில்லையென்றால் காயம்பட்டவர் ஐந்து நிமிட ஆட்ட நேரம் பெஞ்சில் இருக்கட்டும். இரண்டு புள்ளிக்காக நடிப்பவனுக்கு அந்த ஐந்து நிமிடம் கசக்கும், நிஜமாக அடிபட்டவனுக்கு அது முதலுதவி நேரம். ஃபிபா தன் ஐந்தாம் பிரிவில் ரத்தத்துக்குப் பக்கத்தில் தலையையும் எழுதட்டும்: தலையில் அடிபட்டு அறிகுறி தெரிந்தால் மாற்றம் கட்டாயம், தகுதியுள்ளவர் பார்த்துச் சொல்லும்வரை திரும்புதல் இல்லை, பார்க்க ஆளில்லையென்றால் அன்றைக்கு ஆட்டம் இல்லை. 15 விநாடிக் கணக்கு அதற்குப் பொருந்தாது. அந்த ‘ஒழிய’வும் பொருந்தாது.

ரத்தத்துக்காக நான்கு பேரோடு ஆடச் சம்மதிக்கிற விளையாட்டு, மூளைக்காகவும் நான்கு பேரோடு ஆடலாம். ஆடினால் ஒரு ஆட்டம் தோற்கும். அந்தத் தோல்வியை ஆறு மாதத்தில் ஒருவரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.